‘தாழ்மையுடன்’ என்று ஏன் எழுதுகிறோம்?



பருவத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு ஒரு தங்கை வந்தார். பொறியியல் இரண்டாம் ஆண்டு. கவுன்சிலிங் வழியே அரசு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தார். “சரியா இருக்கான்னு பாருங்கக்கா” என்று கைபேசியை நீட்டினார்.

விஷயம் நான்கு வரி. மீதி எல்லாம் தொடக்கமும் முடிவும்தான். ‘பெருமதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி மிகத் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது’ என்று தொடங்கியது. நடுவில் ‘ஏழை மாணவியாகிய என்மீது கருணை கூர்ந்து’ என்று வந்தது. ‘தங்கள் உதவியை என்றும் மறவாத, தங்கள் பணிவுள்ள’ என்று முடிந்தது. நான்கு வரியை எழுத ஐந்து நிமிடம்தான் ஆனதாம். முன்னும் பின்னும் எழுத ஒரு மணி நேரம். “ஒரு வார்த்தை குறைஞ்சாலும் கோச்சுக்குவாங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா” என்றார்.

இதே விஷயமாக அவர் முன்பே அனுப்பிய அஞ்சலுக்கு அலுவலகத்திலிருந்து வந்த பதிலையும் காட்டினார். ‘ஃபீஸ் கட்டிவிட்டு வரவும்.’ அவ்வளவுதான். வணக்கம் இல்லை, மாணவியின் பெயர் இல்லை, எழுதியவர் யார் என்றும் இல்லை.

அந்த மாணவி கேட்டது சலுகை இல்லை. பெற்றோரின் ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தனியார் சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் அவர்களுடைய கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் அரசாணை 92 வந்தது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் ஆணை அது. ஆணை மாணவியின் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு அஞ்சல்களை மட்டும் படிக்கிற ஒருவருக்கு என்ன தோன்றும்? மாணவி ஏதோ தப்பு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார், அலுவலகம் பெரிய மனது வைத்து ஒரு வரி பதில் போட்டிருக்கிறது என்றுதான் தோன்றும். இதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம்.

எங்கே கற்றோம்?

நம்மில் பலர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதம் விடுமுறைக் கடிதம். ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடியும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் காய்ச்சல் என்றே எழுதினோம், அந்தக் கடிதம் ஒன்றுதான் மனப்பாடம் என்பதால். கீழ்ப்படிகிறேன் என்பதையும் அப்படியே மனப்பாடமாக எழுதினோம். ‘ஐயா, தங்களின் மிகக் கீழ்ப்படிந்த ஊழியனாக இருப்பதில் பெருமை கொள்கிறேன்’ என்று கும்பினி காலத்து அலுவலகங்களில் எழுதிய நீளமான முடிப்பு தேய்ந்து தேய்ந்து, கடைசியில் நம் ஐந்தாம் வகுப்பு நோட்டில் வந்து நின்றது.

தமிழ் மனுவுக்குப் பள்ளி வேறு. திங்கட்கிழமை காலை எந்த ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மனு எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய் என்று எதைக் கேட்டாலும் ‘தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் மனு’ என்றே தலைப்பு வரும். ‘தாங்கள் மனமிரங்கி’ என்று ஒரு வரி இருக்கும். நாங்களும் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் மையத்துச் சுவரில் ஒட்டியிருந்த மாதிரி மனுவிலேயே ‘தாழ்மையுடன்’ இரண்டு இடத்தில் இருந்தது. அந்தத் தங்கை அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

வணக்கத்துக்கும் படிநிலை உண்டு

‘இதெல்லாம் மரியாதைதானே, இதிலும் சாதியா’ என்று கேட்பவர்கள் உண்டு. வணக்கம் சொல்வதில் சாதியைக் கொண்டுவந்து வைத்தது நாம் இல்லை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயத்தில், எதிரில் வருபவரிடம் நலம் விசாரிக்க எந்த வருணத்தாருக்கு எந்தச் சொல் என்று பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. பிராமணரிடம் ‘குசலம்’ கேட்க வேண்டும், சத்திரியரிடம் ‘அநாமயம்’, வைசியரிடம் ‘க்ஷேமம்’, சூத்திரரிடம் ‘ஆரோக்கியம்’. அதே அத்தியாயத்தில் பெயர் வைப்பதற்கும் விதி உண்டு. பிராமணனின் பெயரில் மங்கலம் இருக்க வேண்டும், சூத்திரனின் பெயரில் இழிவு இருக்க வேண்டும். சூத்திரருக்கே இது. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம்மிடம் யார் நலம் விசாரிக்கப் போகிறார்கள்?

ஏட்டில் மட்டும் இருந்த விதி என்றும் தள்ளிவிட முடியாது. அண்ணல் அம்பேத்கர் தம் எழுத்தில் எடுத்துக்காட்டும் ஒரு சம்பவம் பம்பாயில் நடந்தது. அங்கே பொற்கொல்லர் சாதியார் ‘நமஸ்கார்’ என்று வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அது எங்களுக்கு உரிய சொல் என்று பிராமணர்கள் எதிர்த்தார்கள். 1779-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசே, பொற்கொல்லர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. ஒரு சொல்தான். அதற்கு ஓர் அரசாங்கம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

மராட்டியத்தில் மகர் மக்கள் ஆதிக்க சாதியாரைப் பார்த்தால் ‘ஜோஹார்’ என்று சொல்ல வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் சொல்வது, திரும்பி வராதது. அந்தச் சொல்லை உதறிவிட்டுத்தான் ‘ஜெய்பீம்’ பிறந்தது. அதைப் பரப்பியவராக அறியப்படும் பாபு ஹர்தாஸ் 1904-ல் பிறந்து 1939-ல், முப்பத்தைந்து வயதில் மறைந்தவர். ஜெய்பீம் என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவரும் ஜெய்பீம் என்றே சொல்வார். தலைவர் சொன்னாலும் அதே சொல், தொண்டர் சொன்னாலும் அதே சொல். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்கள் இன்றும் ஒருவருக்கொருவர் பெருமையோடு ‘ஜோஹார்’ சொல்லிக்கொள்கிறார்கள். ஒலி ஒன்றுதான். அங்கே அது திரும்பி வருகிறது, அதனால் அதில் இழிவு இல்லை.

சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு எர்விங் கோஃப்மன் பெயர் தெரிந்திருக்கும். மரியாதை காட்டுவது பற்றி 1956-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கிற விதிகளையும், ஒரு பக்கம் மட்டும் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளையும் அதில் பிரித்துக் காட்டுகிறார். நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம்கூட வேண்டாம், ஊர் போதும். எழுபது வயது தாத்தாவை ‘வாடா’ என்று கூப்பிடும் பையனுக்கு, அந்தத் தாத்தா ‘சொல்லுங்க சாமி’ என்று பதில் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? வட மாவட்டங்களில் ‘ஆண்டே’ என்று கூப்பிட்ட காலத்தை நம் பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே எங்கள் அளவுகோல் எளிமையானது. ஒரு மரியாதைச் சொல் திரும்பி வருமானால் அது மரியாதை. ஒரு பக்கமே போய்க்கொண்டிருந்தால் அது கப்பம்.

பாதி வேலை முடிந்திருக்கிறது

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை பாதி நடந்து முடிந்திருக்கிறது. ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ என்று தொடங்கிய கடிதங்கள் ‘திரு’ என்று மாறின. ‘நமஸ்காரம்’ இருந்த இடத்தில் ‘வணக்கம்’ வந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டது. அதனால்தான் இன்று தில்லியிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ வரும் அஞ்சலின் அடியில் சர்மா, ரெட்டி என்று இருக்கும்போது, இங்கிருந்து போகும் அஞ்சலின் அடியில் ஒரு முன்னெழுத்தும் பெயரும் மட்டும் இருக்கின்றன. கையெழுத்தில் இல்லாத சாதியை ‘சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம்’ என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கையெழுத்து என்பது நம்மை நாமே எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். பிறர் வசையாகச் சொன்னதைத் தலைப்பில் அச்சடித்துக் கொடுத்தார். ‘தங்கள் பணிவுள்ள’ என்று பெயருக்கு மேலே எழுதும் நாம் அந்த மரபில் வந்தவர்கள்.

மேலே இருப்பவர்கள்கூடச் சிலதை விட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர்கள் நீதிபதிகளை ‘மை லார்ட்’ என்று அழைப்பது காலனிய மிச்சம் என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் 2006-ல் விதி கொண்டுவந்தது. உள்நாட்டு நிகழ்ச்சிகளில் ‘மேதகு’ என்ற அடைமொழி வேண்டாம் என்ற முடிவு 2012-ல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது வந்தது. குடியரசுத் தலைவருக்கே வேண்டாம் என்றான ஒன்றைக் கல்லூரி அலுவலகத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

மிச்சமிருக்கும் பாதி மனுவில் இருக்கிறது. அங்கேதான் இன்னும் இரங்கி, கருணை கூர்ந்து, தாழ்மையுடன்.

சட்டத்தின் மொழியில் கருணை இல்லை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் ஏன் வேண்டும் என்று மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது பிரிவு 7. அந்த விண்ணப்பத்தில் ‘மனமிரங்கி’ என்று எழுத இடமே இல்லை. என்ன தகவல் வேண்டும், யார் கேட்கிறார், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவே.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-க்கு 2015-ல் வந்த திருத்தம் பிரிவு 4-ல் அதிகாரியின் கடமைகளை வரிசையாக எழுதி வைத்தது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும். வழக்குப் பதிய வேண்டும். நகலை உடனே தர வேண்டும். வேண்டுமென்றே இதைச் செய்யத் தவறும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை. ஆனால் நம் ஆட்கள் எழுதும் புகாரில் ‘தயவுகூர்ந்து வழக்குப் பதிவு செய்து உதவுமாறு’ என்று இருக்கிறது. கடமையை உதவி என்று நாமே எழுதிக் கொடுத்தால், உதவி செய்வதா வேண்டாமா என்று அவர் யோசிக்கத்தானே செய்வார்?

அன்று மாலை அந்தத் தங்கையோடு உட்கார்ந்து அஞ்சலைத் திருத்தினோம். ஏறக்குறைய இப்படி வந்தது:

‘முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. என் பதிவு எண் கீழே உள்ளது. அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அரசாணை 92-ன்படி என் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்ப நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கட்டணத்தைக் காரணம் காட்டி என் ஹால் டிக்கெட்டை நிறுத்த வேண்டாம் எனக் கோருகிறேன். இல்லையெனில், எந்த விதியின்படி நிறுத்துகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். நன்றி.’

அடியில் பெயர், துறை, தேதி. நகல், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு.

இதில் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் இல்லை. வணக்கமும் நன்றியும் இருக்கின்றன, அவை யாருக்கும் சொல்லக்கூடியவை. 1936-ல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலுக்கும் அம்பேத்கருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படித்துப் பாருங்கள். ‘சாதி ஒழிப்பு’ நூலிலேயே அது அச்சாகியிருக்கிறது. வசை கிடையாது. ஆனால் உரையில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்பதில் அவர் அசையவில்லை. நமக்கு மாதிரிக் கடிதம் வேண்டுமென்றால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘வேலை நடக்கணும்ல?’

இந்தக் கேள்வி நியாயமானது. மகனைத் தேடிக் காவல் நிலையத்துக்குப் போய்க் கைகூப்பி நிற்கும் அப்பாவிடம் போய், ஏன் கும்பிட்டீர்கள் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. அவர் வளைந்தது அவருடைய குற்றமில்லை. மனு எழுதித் தருபவரையும் கேலி செய்ய மாட்டோம். எந்தச் சொல் போட்டால் மேசையில் நகரும் என்று அவருக்கு அனுபவம் இருக்கிறது. நாம் சொல்வது படித்த நமக்கு. சட்டப் பிரிவைத் தேடி எடுக்கத் தெரிந்த கை, ‘தாழ்மையுடன்’ என்பதை அழிக்கவும் பழக வேண்டும்.

ஜெய்பீம் என்று முடிப்பது பற்றியும் தோழர்கள் கேட்கிறார்கள். கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ எழுதும்போது போடலாமா? போடுவது உங்கள் முடிவு. ஒரு சொல்லைப் போட்டதால் வகுப்பில் தனியாக நிறுத்தப்படலாம் என்றால், அதைப் போட வேண்டாம் என்று நினைப்பது கோழைத்தனம் இல்லை. எப்போது, யாரிடம், எப்படித் தன்னைச் சொல்லிக்கொள்வது என்பதும் சுயமரியாதையில் சேர்ந்ததே. ‘ஜெய்பீம் போடாதவர் உணர்வில்லாதவர்’ என்று நமக்குள்ளேயே ஒரு புதுப் படிநிலையை உண்டாக்கிவிடக் கூடாது.

2016 ஜனவரியில் நாம் இழந்த தோழர் ரோஹித் வெமுலாவின் கடைசிக் கடிதம் காலை வணக்கத்தோடு தொடங்கி ஜெய்பீமோடு விடைபெறுகிறது. அதற்கும் கீழே, சம்பிரதாயமாக எழுத வேண்டியதை மறந்துவிட்டதாகச் சொல்லிச் சில வரிகள். அந்த நிலையிலும் சம்பிரதாயம் நினைவுக்கு வரும்படி நம் பிள்ளைகளை இந்தக் கல்வி நிலையங்கள் பழக்கி வைத்திருக்கின்றன. தோழர்களே, மனசு தாங்கவில்லை என்றால் எங்களுக்கு எழுதுங்கள். வணக்கம் வேண்டாம், இப்படிக்கு வேண்டாம், வாக்கியம்கூட முடிய வேண்டாம். ஒரு சொல் போதும், கூப்பிடுகிறோம்.

நம் கையெழுத்தையும் பார்ப்போம்

இதை எழுதும் முன் நாங்கள் அனுப்பிய அஞ்சல்களையும் புலனச் செய்திகளையும் ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தோம். வெட்கமாக இருந்தது. பேராசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதியிருக்கிறோம். ஆண் தோழர்களுக்குப் ‘தோழர்’, பெண் தோழர்களுக்கு ‘என்னம்மா’. கிராமத்திலிருந்து மகளிர் குழுவின் அக்கா ஒருவர் அரைப் பக்கத்துக்குத் தட்டச்சு செய்து, வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து அனுப்பிய செய்திக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருக்கிறோம். எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் அம்மாவுக்குப் போன செய்தி: ‘நாளை ஏழு மணிக்கு வரவும்.’

‘ஃபீஸ் கட்டிவிட்டு வரவும்’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இப்படித்தான் வேலை செய்கிறது. மேலே நிமிர்ந்து நிற்கப் பழகிய பிறகும் கீழே குனிந்து பார்க்க மறந்துவிடுகிறோம். மேலே எழுதும்போது தாழாமல் இருப்பது பாதி. நம்மைவிட அதிகாரம் குறைந்தவருக்கு எழுதும்போது வணக்கமும் பெயரும் நன்றியும் போடுவது மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் சுயமரியாதை.

அந்தத் தங்கைக்குத் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது. அஞ்சலின் மொழியாலா, நகல் நல அலுவலருக்குப் போனதாலா என்று எங்களால் சொல்ல முடியாது. இரண்டாவதுதான் காரணமாக இருக்கும். வந்த பதில்: ‘ஹால் டிக்கெட்டை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்.’

“அக்கா, இப்பவும் பேர் போடல பாருங்க” என்று காட்டினார். போன மாதம் அது அவர் கண்ணில் பட்டிருக்காது.

மையத்துச் சுவரிலிருந்த பழைய மாதிரி மனுவைக் கிழித்துவிட்டோம். புதியதை அவரே தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். உங்கள் விடுதியிலும் மன்றத்திலும் அப்படியொன்று சுவரில் இருக்கும். ஒருமுறை எழுந்துபோய்ப் படித்துப் பாருங்கள்.

ஜெய்பீம்.